பட்டிக்குள் போன ஃபிரேம் நம்பர்

முப்பது வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன். சிரிக்க வேண்டாம். பழைய வண்டிகளைப் பிரித்துக் கோர்க்கும் வேலையை ஏழு வருடம் பார்த்தேன். போன மாதம் டூல் பாக்ஸைப் பூட்டி, சாவியை அன்வர் பாய் கையில் கொடுத்தேன். பென்ஷன் இல்லை, பொன்னாடை இல்லை. ஆனாலும் ஓய்வு ஓய்வுதான்.

நேற்று கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஜூனியர் ஒருத்தன் குரல் பதிவு அனுப்பியிருந்தான். “அக்கா, நாங்க மூணு பேரு சேந்து சிதம்பரத்துல ரூம்லயே பழைய பைக் ரெஸ்டோர் பண்ணப் போறோம். நீங்க ஏன் விட்டீங்கன்னு யாரும் சொல்ல மாட்றாங்க. எதுனா டிப்ஸ் குடுங்கக்கா.” இரண்டு வரியில் பதில் அடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். அது இவ்வளவு நீண்டுவிட்டது. பொறுமை இல்லாதவர்கள் பாதியில் போய்க்கொள்ளலாம். எனக்கும் பொறுமை கிடையாது, அதனால்தான் இத்தனையும் நடந்தது.

படிப்புக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சிதம்பரத்தில் மெக்கானிக்கல். வகுப்பில் மூன்று பெண்கள், எனக்கு நான்கு அரியர். முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் எட்டு மாதம் பேரேட்டில் டிக் அடித்தேன். சலித்துப்போய் வீட்டுக்கு வந்தேன். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. அதை வாடகைக்குக் கேட்டு வந்தவர்தான் அன்வர் பாய். லால்பேட்டைக்காரர், என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். வளைகுடாவில் ஷேக்குகளின் பழைய வண்டிகளுக்கு உயிர் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். கொட்டகையை அவர் எடுத்துக்கொண்டார், என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டுக் கொட்டகையில் நானே கூலிக்காரி ஆனேன். “நாலு வருஷம் இஞ்சினியரிங் படிக்க வச்சது எங்க வூட்டுக் கொல்லையில கிரீஸ் பூசிக்கிறதுக்கா?” என்று அம்மா கேட்டதை இன்றுவரை நிறுத்தவில்லை.

அன்வர் பாய் கத்தவே மாட்டார். கத்தினால் தேவலாம் என்று தோன்றும். நாம் ஏதாவது சொதப்பினால் பக்கத்தில் வந்து நிற்பார். குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு ஒரே வார்த்தை சொல்வார்.

“கழட்டு.”

முதல் வருடம் ஒரு ஸ்கூட்டர் இன்ஜினை மூன்று நாள் உட்கார்ந்து கோர்த்து முடித்தேன். கடைசி நட்டை இறுக்கும்போது ஸ்பேனர் கொஞ்சம் லேசாகச் சுற்றியது. மரை போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். பாய் கை கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, “கழட்டு” என்றார்.

“எல்லாத்தையுமா பாய்?”

“எல்லாத்தையும்.”

“ஒரு நட்டுதான பாய்.”

“அந்த ஒரு நட்டு ரோட்ல கழண்டா வண்டிக்காரன் உனக்குப் போன் பண்ணிக் கேப்பானா, கழட்டவா வேணாமான்னு?”

கழற்றினேன். மரை போயிருந்தது.

அவருக்கு ஒரு முறை உண்டு. ஸ்பேனர் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் நாற்பது போட்டோ. ஒவ்வொரு போல்ட்டும் முட்டை அட்டையின் ஒவ்வொரு குழிக்குள் போகும், குழிக்குக் குழி பேர் எழுதியிருக்கும். எல்லாவற்றுக்கும் முதலில் நம்பர். இன்ஜின் நம்பரின் மேலும் ஃபிரேம் நம்பரின் மேலும் காகிதத்தை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வரும். அந்தக் காகிதத்தை நோட்டில் ஒட்டித் தேதி போட வேண்டும். “வண்டிக்கு அதான் ரேகை” என்பார். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்கெல்லாம் இந்தப் பாடத்தை நடத்தியவள் நான்தான். வாய் கிழிய நடத்துவேன்.

ஒரு நாள் ஸ்டெல்லா டீச்சர் வந்தார். சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். அறுபது வயதை நெருங்கியவர், விசில் கழுத்திலேயே தொங்கியது. கொட்டகைக்குள் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீதான் மெக்கானிக்கா?”

“இன்ஜினியர் டீச்சர்.”

“அதான் பயமா இருக்கு. மெக்கானிக் யாராவது இருந்தா கூப்புடு.”

வாசலில் நின்ற குட்டியானை மினி லாரியின் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் ஓர் இத்தாலிய வண்டி. நூற்றெழுபத்தைந்து சிசி, ஒற்றை சிலிண்டர், கண்ணீர்த் துளி வடிவ டேங்க். துருப்பிடிக்காத இடம் டயர் மட்டும்தான், அதுவும் வெடித்திருந்தது. டீச்சரின் அப்பா உபதேசியாராக இருந்தவர். அந்தக் காலத்தில் பங்கில் இருந்த இத்தாலிக்காரச் சாமியாரோடு கிராமம் கிராமமாகப் போனவர். சாமியார் ஊர் திரும்பும்போது வண்டியை இவரிடம் கொடுத்துவிட்டார். அப்பா சாகும்வரை ஆர்.சி.யை மட்டும் விடாமல் புதுப்பித்து வைத்திருந்தார். அதற்கப்புறம் ஆர்.சி.யும் காலாவதி, வண்டியும் காலாவதி.

“எங்க அண்ணனுங்க ரெண்டு பேரும் ஓட்டுனானுங்க. என்னய தொடைக்க மட்டும்தான் வுட்டாங்க. சனிக்கிழமன்னா மண்ணெண்ணெயும் துணியும் என் கையில. இந்த ஏப்ரல்ல கடைசி வேல நாள் அன்னிக்கு நா ரிட்டயர் ஆவுறேன். மாலயப் போட்டு, கார்ல ஏத்தி, வூட்ல எறக்கி வுடுவாங்க. பொணத்த எடுத்துட்டுப் போற மாரி. நா கார்ல ஏற மாட்டேன். ஸ்கூல் கேட்ல இருந்து மேல வீதி வூடு வரைக்கும் இதுலதான் போவேன். என் பேர்ல ஆர்.சி.யும் வேணும். போலீஸ்காரன் நிறுத்துனா காட்டணும். முடியுமா முடியாதா?”

பாய் வண்டியைச் சுற்றி வந்தார். “முடியும் டீச்சர்.”

“அந்தப் பொண்ணு தொடாம முடியுமா?”

“அவ தொட்டாத்தான் முடியும்.”

அது பாய் என்னைப் பற்றிச் சொன்ன மிக நல்ல வார்த்தை. அதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மயக்கத்தில்தான் சறுக்கினேன்.

இன்ஜின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஜூனியர்களுக்கு உதவும். அந்தக் காலத்து அலுமினியக் கேஸிங்கில் பேரிங்கைச் சுத்தியால் அடித்து இறக்கக் கூடாது. கேஸிங்கைச் சூடாக்க வேண்டும், பேரிங்கைக் குளிர வைக்க வேண்டும். பெரிய ஒர்க் ஷாப்பில் அதற்கு அடுப்பு இருக்கும். எங்களிடம் அம்மாவின் தோசைக்கல் இருந்தது. கேஸிங்கைக் கல்லின் மேல் கவிழ்த்து, மேலே இட்லிக் குண்டானைப் போட்டு மூடி, சிம்மில் முக்கால் மணி நேரம். பேரிங் பாலித்தீன் கவரில் சுற்றி ஃப்ரீசருக்குள், வஞ்சிர மீனுக்குப் பக்கத்தில், முதல் நாளே போயிருக்கும். கேஸிங்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது ஓரிடத்தில் நிற்காமல் உருண்டு ஓட வேண்டும். அப்போது பேரிங்கை எடுத்துக் குழிக்கு மேல் நேராகப் பிடித்து விட்டால் ‘டொக்’ என்று தானாகப் போய் உட்காரும். பத்து நொடிதான் நேரம். கோணலாகப் போனால் போச்சு.

அன்று ‘டொக்’ சத்தம் கேட்டதும் பாயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அம்மா தோசைக்கல்லை முகர்ந்து பார்த்துவிட்டு, “இனிமே இதுல தோச ஊத்துனா மீன் வாசமும் வராது, மாவு வாசமும் வராது. ஆயில் வாசந்தான் வரும். புதுக் கல்லு வாங்கிக் குடுங்க பாய்” என்றாள். பாய் வாங்கிக் கொடுத்தார்.

இன்ஜின் அவருடைய பொறுப்பு. ஃபிரேம் என் பொறுப்பு.

துருவை எடுக்க ஃபிரேமை மணல் வீசும் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன்னால் ஃபிரேம் நம்பரைத் தேய்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தை டேப் சுற்றி மறைக்க வேண்டும். நம்பர் இருந்தது ஹேண்டில்பார் கழுத்தில், வலது பக்கம். அன்று குட்டியானைக்காரன் வாசலில் நின்று ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். “யக்கா, இன்னும் ரெண்டு லோடு கெடக்குக்கா!” துருவுக்கு நடுவில் நம்பர் மங்கலாகத் தெரிந்தது. பென்சில் எங்கேயோ போய்விட்டது. போட்டோதான் எடுத்திருக்கிறோமே, வந்ததும் தேய்த்துக்கொள்ளலாம் என்று ஃபிரேமை ஏற்றிவிட்டேன். நோட்டில் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

பட்டறையிலிருந்து ஃபிரேம் நேராகப் பெயின்டர் செல்வத்திடம் போனது. செல்வம் மங்கலம்பேட்டைக்காரன், என் வயதுதான். வீட்டில் நிலம் இருக்கிறது, இவனுக்கு ஸ்ப்ரே கன்தான் பிடிக்கும். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் இரண்டு சின்னக் குழிகளை விட்டுவிட்டான் என்று அவனை நாலு பேர் எதிரில் கிழித்திருந்தேன். “ஒரு குழி தெரியக் கூடாது செல்வம். கண்ண மூடிக்கிட்டுத் தடவுனா வழுக்கணும்.” அவன் முகம் சுண்டிப்போனது. மறக்காமல் வைத்துக்கொண்டான்.

ஃபிரேம் திரும்பி வந்தபோது கருநீலக் கண்ணாடி மாதிரி இருந்தது. நானே அவனைக் கட்டிப்பிடிக்காத குறை. மூன்று வாரம் கோர்த்தோம். இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. டீச்சரின் கடைசி வேலை நாளான வெள்ளிக்கிழமைக்கு ஒரு வாரம் இருந்தது. பாய் அக்கா மகள் நிக்காஹுக்கு லால்பேட்டை போய்விட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்ட வேண்டும். அதற்கு ஃபிரேம் நம்பரின் பென்சில் பிரதி வேண்டும். பகல் பதினோரு மணிக்குக் காகிதத்தைக் கழுத்தில் வைத்துத் தேய்த்தேன்.

காகிதம் முழுவதும் ஒரே சாம்பல். ஒரு எழுத்துகூட இல்லை.

இடப்பக்கம் தேய்த்தேன். மேலே, கீழே, சீட்டுக்கு அடியில். சாம்பல். போனை எடுத்து போட்டோக்களைத் தேடினேன். ‘இன்ஜின் நம்பர்’ என்ற பெயரில் ஒன்று இருந்தது. ‘ஃபிரேம் நம்பர்’ என்ற பெயரிலும் ஒன்று இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டும் இன்ஜின் நம்பர்.

செல்வத்துக்குப் போன் போட்டேன்.

“செல்வம், கழுத்துக்கிட்ட என்னா பண்ண?”

“எங்க?”

“ஹேண்டில்பாருக்குக் கீழ. வலது பக்கம்.”

“ஓ, அதுவா. அங்கதான் ஒரே குழி. கிரைண்டர் டிஸ்க்ல தேச்சு எறக்கி, பட்டி வச்சு அடச்சு, ரெண்டு வாட்டி எமரி பேப்பர் போட்டேன். எப்டி வழுக்குது பாத்தியா?”

“அது குழி இல்ல செல்வம். நம்பர்.”

பின்னால் ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசரை நிறுத்தினான்.

“நீதான ரீனா சொன்ன,” என்றான். “ஒரு குழி தெரியக் கூடாதுன்னு.”

பெயின்ட்டைச் சுரண்டினேன், பட்டியைச் சுரண்டினேன். முதல் இரண்டு இலக்கங்கள் நிழல் மாதிரி தெரிந்தன. மிச்சம் நாலும் டிஸ்க்கில் போய்விட்டன. நம்பர் இல்லாத ஃபிரேம் சட்டப்படி அநாதை. ஆர்.சி. கிடையாது, பெயர் மாற்றம் கிடையாது. டீச்சர் காரில்தான் போக வேண்டும்.

இதற்கு முறையான வழி இருக்கிறது. எழுதிக் கொடுத்து, விசாரணை முடிந்து, அனுமதி வந்ததும் அவர்கள் கண் முன்னால் நம்பரைத் திரும்ப அடிக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். எனக்கு இருந்தது ஒரு வாரம். அதோடு நம்பர் ஒன்றும் ரகசியமில்லை, ஆர்.சி.யில் அச்சடித்திருக்கிறது. உள்ள நம்பரைத்தானே அடிக்கப் போகிறோம்? வேறு வண்டியின் நம்பரையா? இப்படி எனக்கு நானே வாதாடிக்கொண்டு இரும்புக்கடைக்கு நடந்தேன்.

நம்பர் பஞ்ச் ஒரு சின்ன மரப்பெட்டியில் வரும். ஒன்பது கம்பிகள்தான். ஆறைத் தலைகீழாகப் பிடித்தால் ஒன்பது. பழைய அலுமினியத் துண்டில் இருபது முறை அடித்துப் பழகினேன். ஒரே அடியில் இறங்க வேண்டும். இரண்டாவது அடி விழுந்தால் எழுத்து இரட்டையாகிவிடும். டேப்பை ஒட்டி வரிசை பிடித்தேன். உச்சி வெயில், தகரக் கொட்டகை, வியர்வையில் பஞ்ச் வழுக்கியது. ஆறு அடி. மேலே லேசாக நீலம் பூசி, காகிதத்தை வைத்துத் தேய்த்தேன். ஆறு இலக்கமும் வெள்ளையாக எழுந்து வந்தன. நாலு அரியரும் ஒன்றாகப் பாஸான மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை பாய் திரும்பி வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். நோட்டைப் புரட்டினார். காலிப் பக்கத்தில் நின்றார். வண்டியிடம் போய்க் கழுத்தில் கட்டை விரலை வைத்தார்.

“இது யாரு அடிச்சது?”

சொன்னேன். செல்வம், பட்டி, போட்டோ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

“டீச்சர்ட்ட சொல்லிடலாம்” என்றார்.

“சொன்னா வெள்ளிக்கெழம போச்சு பாய். ஆர்.சி.ல என்னா இருக்கோ அதத்தான அடிச்சிருக்கேன்? யாருக்கு என்னா நஷ்டம்?”

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ‘கழட்டு’ என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அன்று அந்த வார்த்தை வராததற்கு அவர் இன்னும் தன்னையே திட்டிக்கொள்கிறார்.

செவ்வாய்க்கிழமை எல்லாம் நடந்தது. ஆய்வாளர் வந்தார், காகிதம் வைத்துத் தேய்த்தார், ஆர்.சி.யோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டார். சரியாக இருந்தது. சரியாக இருக்கும்படிதானே அடித்திருந்தேன். கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை நானே சிதம்பரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அந்த வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வரைக்கும் மனசுக்குள் ‘வலது கியர், இடது பிரேக்’ என்று ஜெபித்துக்கொண்டே போனேன். பி.முட்லூரில் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. பழக்கத்தில் வலது காலை அழுத்தினேன். வண்டி நிற்காமல் கியர் மாறி ஒரு டீக்கடை பெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் போய் அணைந்தது. பெஞ்சில் இருந்தவர் கிளாஸைக் கீழே வைக்காமலேயே கேட்டார்: “டீ வேணும்னா வாயால கேளும்மா. என்னாத்துக்கு வண்டியோட உள்ள வர்ற?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 

டீச்சர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவர் நைட்டிமேல் துண்டோடு ஓடி வந்தார். டேங்க்கைத் தடவினார், சீட்டைத் தட்டினார். “ஏண்டி, இஞ்சினியர்னு சொன்னப்போ சிரிச்சிட்டேன். மன்னிச்சிடு” என்றார்.  பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து, துடைத்துப் பழகிய கை தானாகப் போகிற மாதிரி, கழுத்தின் வலது பக்கம் விரலை ஓட்டினார். விரல் கடைசி இலக்கத்தில் நின்றது.

“ஏழு எங்க?”

“இருக்கே டீச்சர். கடைசில.”

“இது நம்ம ஊரு ஏழு. எங்க ஏழுக்கு நடு வயித்துல ஒரு கோடு இருக்கும். அந்த ஊருல அப்டித்தான் போடுவாங்களாம். சின்னப் புள்ளையில அத சிலுவன்னு நெனச்சு முத்தம் குடுத்திருக்கேன்.” அவர் எழுந்தார். “இது எங்க வண்டி இல்ல.”

“டீச்சர்...”

“நல்ல ஃபிரேம வித்துட்டீங்க. வேற எதுக்கோ எங்க நம்பர அடிச்சு ஓட்டிட்டு வந்திருக்க. அந்தப் பாய் மூஞ்சியப் பாத்து நம்புனேன்.”

வண்டி அவருடையதுதான். ஒரு போல்ட் மாறவில்லை. ஆனால் நான் அடித்த ஆறு அடி அதை வேறு வண்டியாக்கிவிட்டது. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குட்டியானை, காணாமல் போன பென்சில், செல்வத்தைத் திட்டியது, தகரக் கொட்டகை. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“வந்து நின்னப்போ பொய் சொன்ன. இப்ப இதுதான் நெசங்கற. எத நம்புறது?”

 காட்ட என்னிடம் ஒரு காகிதம் இல்லை.

“ஒண்ணு பண்ணு,” என்றார். “வண்டிய மாத்துனவ ஆபீஸுக்குப் போயி நாந்தான் நம்பர் அடிச்சேன்னு சொல்ல மாட்டா. நீ போய்ச் சொல்லு. எழுதிக் குடு. முத்திர போட்ட நகல என்ட்ட கொண்டாந்து காட்டு. நம்புறேன்.”

“சொன்னா ஆர்.சி.ய நிறுத்தி வச்சிருவாங்க டீச்சர். வெள்ளிக்கெழம வண்டி ரோட்ல எறங்காது.”

அவர் வண்டியைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய விசிலை விரலில் சுற்றினார்.

“தெரியும். போ.”

பஸ்ஸில் கடலூர் திரும்பினேன். பாயிடம் சொன்னேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தபடி சொன்னார்: “கழட்டு ரீனா. நானும் வர்றேன்.”

வியாழக்கிழமை ஆபீஸில் என் கடிதத்தை ஆய்வாளர் இரண்டு முறை படித்தார். “யாரும் புகார் குடுக்கல. யாரும் கேக்கல. நீங்களா வந்து நா குத்தம் பண்ணிட்டேன்னு சொல்றீங்க. இதுக்கு முன்னாடி நா இப்டிப் பாத்ததே இல்லம்மா. யாரு அனுப்புனாங்க?”

“பி.டி. டீச்சர் சார்.”

“எங்க பி.டி. மாஸ்டரும் இப்டித்தான்” என்று முணுமுணுத்துக்கொண்டே விசாரணைக்கு எழுதினார். ஆர்.சி. அவருடைய மேசை டிராயருக்குள் போனது. நான் கூப்பிடாமலேயே செல்வம் மங்கலம்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தான். வேட்டியெல்லாம் கட்டியிருந்தான். “பட்டி வச்சது நாந்தானுங்க சார், என்னயும் எழுதிக்குங்க” என்றான். வெளியே வந்ததும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “வுடு ரீனா. ஆனா வழுக்குச்சுல்ல?” என்றான்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். போலீஸ் விசாரணை, பழைய பதிவேடு, நடையோ நடை என்று மாதங்கள் போயின. அனுமதி வந்தது, நம்பர் முறையாக அடிக்கப்பட்டது, டீச்சர் இப்போது மேல வீதியில் போலீஸ்காரர் நிறுத்த மாட்டாரா என்று தேடிக்கொண்டே ஓட்டுகிறார். எனக்குத்தான் வேலை செய்ய முடியாமல் போனது. ஃபிரேமை அனுப்பிவிட்டுப் பாதி வழியில் குட்டியானையை நிறுத்தித் திரும்பப் பார்ப்பேன். நோட்டை நாலு முறை புரட்டுவேன். முடித்த இன்ஜினை யாரும் சொல்லாமலே கழற்றுவேன். சாப்பிடும்போது கை பென்சிலைத் தேடும். பாய் பொறுத்துப் பார்த்தார். “எனக்கு முன்னாடியே நீயே கழட்டுனா எனக்கு என்னா வேல இங்க?” என்று கேலி செய்து பார்த்தார். ஜாஸ்தி நாள் ஓடவில்லை. அதனால் விட்டேன். ஜூனியர்களே, டிப்ஸ் கேட்டீர்கள் அல்லவா? முதலில் பென்சிலை எடுங்கள். ஹார்ன் அடிக்கிறவன் அடிக்கட்டும்.

ஆனால் நான் முடிக்க விரும்புவது அந்த வெள்ளிக்கிழமையில்.

முத்திரை போட்ட நகலை எடுத்துக்கொண்டு பாயும் நானும் மத்தியானம் பள்ளிக்குப் போனோம். விழா முடிந்திருந்தது. வாசலில் பூ சுற்றிய கார் நின்றது. டீச்சர் மாலையோடு வந்தார், நகலை வாங்கி நின்ற இடத்திலேயே முழுதும் படித்தார், மடித்து ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டார்.  வண்டி விளையாட்டுத் திடலின் ஓரத்தில் நின்றது. காலையிலேயே வாலிபால் டீம் பிள்ளைகள் எட்டுப் பேர் வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

“ரோட்லதான ஓட்டக் கூடாது?” என்றார் டீச்சர். “இது என் கிரவுண்டு.”

மாலையைக் கழற்றி ஒரு பெண்ணிடம் கொடுத்தார். புடவையை இழுத்துச் சொருகினார். இடது காலால் ஓர் உதை. இரண்டாவது உதை. மூன்றாவதில் இன்ஜின் பிடித்தது. சுண்ணாம்புக் கோடு போட்ட ஓட்டப் பாதையில் அறுபது வயது பி.டி. டீச்சர் முதல் சுற்றை முடித்தபோது பிள்ளைகள் கத்திய கத்தலில் தலைமை ஆசிரியை வராந்தாவுக்கு ஓடி வந்தார். இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்றில் எங்கள் பக்கம் நேர்பாதைக்கு வந்தார். வந்தவர் இரண்டு கைகளையும் ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துவிட்டார்.

பாய் “யா அல்லாஹ்” என்றார்.

வண்டி மெல்ல இடது பக்கமாகச் சாய்ந்து, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, புல்லை நோக்கிப் போனது. டீச்சர் கைப்பிடியைப் பிடித்தார், திருப்பினார், நேராக எங்கள் எதிரில் வந்து நிறுத்தினார். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் புழுதி.

“எங்க அப்பா கண்ணாடிய சரி பண்றதுக்குக் கைய எடுப்பாரு. எடுத்த ஒடனே வண்டி இடது பக்கம் ஓடும். பின்னாடி ஒக்காந்துகிட்டு நா கத்துவேன். ஒருக்கா சாமியார் வாய்க்கால்ல வுட்டுட்டாராம், அதுல கோணுன ஃபிரேமு.” டேங்க்கில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். “எங்க வண்டிதான்டி இது! அதயும் நேர் பண்ணலயா நீங்க?”

ஃபிரேம் நேராக இருக்கிறது என்று சோதித்துக் கையெழுத்துப் போட்டவள் நான்.  பாய் குனிந்து ஒற்றைக் கண்ணை மூடி முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஒரே கோட்டில் பார்த்தார். அவருடைய கை சட்டைப் பைக்குள் அளவு நூலைத் தேடியது.

“ஒரு மூணு மில்லி இருக்கும் டீச்சர். வண்டிய ரெண்டு நாள் குடுத்தீங்கன்னா...”

டீச்சர் விசிலை வாயில் வைத்து அவர் காதருகே ஒரு ஊது ஊதினார்.

“தொட்ட, கைய ஒடச்சிடுவேன்.”